குழந்தையின் மூளை அனியூரிசத்துக்குப் பெரியவரின் கணக்கு பொருந்தாது

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்து நிற்பதற்கு அனியூரிசம் என்று பெயர். அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே ரத்தம் பரவும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லும். பிழைத்தவரைப் பல நேரம் முடக்கும். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களிடம் காணப்படும் நோய் இது. கண்டறியப்படும் மூளை அனியூரிசங்களில் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இருப்பவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

இந்த அரிதான தன்மையை வைத்து ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. குழந்தையின் அனியூரிசமும் பெரியவரின் அனியூரிசமும் ஒரே நோய், உடல்தான் சிறியது. ஆகவே பெரியவர்களிடம் நிரூபணமான முறைகளை, மருந்தின் அளவையும் குழாயின் தடிமனையும் குறைத்துக் குழந்தைக்கும் செய்யலாம். மண்டையைத் திறப்பதைவிடத் தொடைத் தமனி வழியாகச் சென்று பிளாட்டினக் காயில் வைத்து அடைப்பதே மென்மையானது. குழந்தைகள் எதையும் தாங்கி எழுந்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

இப்படிச் சொல்பவர்கள் அறியாமையால் சொல்லவில்லை. இவ்வளவு அரிதான நோய்க்குப் பெரிய ஒப்பீட்டுச் சோதனை நடத்துவது நடைமுறையில் இயலாது. பெரியவர்களுக்கோ ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட ஆய்வுகள் இருக்கின்றன. நள்ளிரவில் ரத்தக்கசிவோடு வரும் பத்து வயதுச் சிறுவனுக்கு முன்னால் நிற்கும் மருத்துவர் எதையாவது ஆதாரமாகக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். காயில் முறை பலருக்கு மண்டையைத் திறக்கும் அறுவையைத் தவிர்த்திருப்பதும் உண்மை. பெரியவர்களைவிடக் குழந்தைகள் நன்றாகத் தேறுவதும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து மேற்சொன்ன முடிவு பிறப்பதில்லை.

1. முதலில், இது ஒரே நோயா? பெரியவரின் அனியூரிசம் பெரும்பாலும் தமனி கிளைபிரியும் இடத்தில், கழுத்துள்ள சிறு பையாக வளர்கிறது. அதன் பின்னால் பல ஆண்டு ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், தேய்மானம் இருக்கின்றன. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பல ஆண்டுகள் இருந்ததே இல்லை. பிறகு எப்படிப் புடைக்கிறது?

வழிகள் பல. தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்குள் புகுந்து, குழாயே நீளவாக்கில் ஊதிப்போவது ஒன்று. பாரிஸ் பகுதியிலுள்ள பிசேத்ர் மருத்துவமனையைச் சேர்ந்த பியர் லஷோனியாஸ் குழுவினர் 15 வயதுக்குட்பட்ட 59 குழந்தைகளிடம் கண்ட 75 அனியூரிசங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டபோது, இவ்வாறு சுவர் கிழிந்து உண்டாகும் வகையே குழந்தைகளிடம் முன்னிற்பதைக் காட்டினார்கள். தொற்று இன்னொரு வழி. இதய வால்வில் குடியேறிய கிருமிகள் உதிர்ந்து, மூளைத் தமனியின் கடைக்கிளைகளில் சிக்கி, சுவரை அரிக்கின்றன. ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியாத இந்தியா போன்ற நாடுகளில் இதை மறக்க முடியாது. அடிபடுவது மூன்றாவது. மண்டையின் அடித்தளத்தில் எலும்பு முறிந்தாலோ, மூளையின் இரு பாதிகளுக்கிடையே உள்ள கெட்டியான சவ்வின் விளிம்பில் தமனி மோதினாலோ சுவர் பிய்ந்து பொய்ப்பை ஒன்று உருவாகும். இவை தவிர, நான்காம் வகை எலர்ஸ்-டான்லோஸ் போன்ற இணைப்புத்திசு நோய்கள், பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய், பெருந்தமனிக் குறுக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வருபவையும் உண்டு.

இடமும் உருவமும்கூட வேறு. பெரியவர்களில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். சிறு வயதில் ஆண் குழந்தைகள். பெரியவர்களிடம் முன்மூளைப் பக்க இணைப்புத் தமனிகளில் மிகுதி. குழந்தைகளிடம் உட்கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் உச்சியிலும், மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் தமனிகளிலும் விகிதம் கூடுகிறது. 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ராட்சத அனியூரிசங்கள் பெரியவர்களிடம் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்க, குழந்தைகளைப் பற்றிய பல தொகுப்புகளில் ஐந்தில் ஒன்று வரை போகின்றன. இவை வெடிக்காமலேயே மூளையை அழுத்தி மாறுகண், விழுங்கச் சிரமம், ஒரு பக்கச் செயலிழப்பு, வலிப்பு என்று வெளிப்படும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. சிகிச்சை மேசையில் உயிரோடு விளையாடுகிறது. கிழிந்து ஊதிய குழாய்க்குக் கழுத்தே கிடையாது. மண்டையைத் திறந்து கழுத்தை இறுக்கி மூடும் கிளிப்பைப் போட இடமில்லை. அடிபட்டு உருவான பொய்ப்பைக்கு உண்மையான சுவர் கிடையாது; உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள திசுவும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. அதற்குள் காயிலைத் திணிப்பது வெற்றிடத்தில் ஆணி அடிப்பதாகும். இங்கே பெரும்பாலும் தேவைப்படுவது நோயுற்ற குழாய்ப் பகுதியையே அடைத்துவிடுவது, தேவையென்றால் வேறு தமனியிலிருந்து மாற்றுவழி இணைப்பது. தொற்றால் வந்ததற்கோ முதல் மருந்து நான்கு முதல் ஆறு வாரம் வரை சிரை வழியே செலுத்தும் ஆன்டிபயாட்டிக். அதோடு அடிக்கடி படம் எடுத்துப் பார்த்து, வளர்ந்தாலோ வெடித்திருந்தாலோ தலையிட வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே ‘காயிலா, கிளிப்பா’ என்று கேட்பது கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது.

2. எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்? வெடிக்காத அனியூரிசத்தைத் தொடாமல் விடலாமா என்ற கேள்விக்கு எடுத்துக்காட்டப்படும் பன்னாட்டு ஆய்வு 2003இல் வெளிவந்தது. முன்பு ரத்தக்கசிவு ஏற்படாதவர்களிடம், முன்பகுதித் தமனிகளில் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த அனியூரிசங்கள் ஐந்தாண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்றது அது. ஆய்வில் பெரும்பான்மையோர் நடுத்தர வயதினர். அடுத்து 2014இல் வந்த ஃபேசஸ் மதிப்பெண் முறை. இனம், ரத்த அழுத்தம், வயது, அளவு, முந்தைய கசிவு, இடம் என ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் தருகிறது. அதில் வயதுக்கு ஒரே ஒரு கோடு: 70. அதற்குக் கீழே இருக்கும் எவருக்கும் சுழியம். எட்டு வயதுச் சிறுமியும் அறுபத்தொன்பது வயது மூதாட்டியும் அந்த அட்டவணையில் ஒரே பெட்டியில் உட்காருகிறார்கள். பெரியவர்களுக்காகச் செய்த கருவி என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. அதைக் குழந்தைக்கு நீட்டுவதுதான் பிழை.

கணக்கையும் பார்க்கலாம். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று வெடிக்கும் வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இன்னும் பதினைந்து ஆண்டு வாழக்கூடியவருக்கு மொத்த அபாயம் நூற்றில் பதினான்கு. இன்னும் அறுபது ஆண்டு வாழவேண்டிய சிறுவனுக்கு அதே கணக்கு நூற்றில் நாற்பத்தைந்தைத் தொடுகிறது. ஆண்டு அபாயம் ஒரே சீராக இருப்பதில்லை என்பது சரியே. ஆயினும் ஐந்தாண்டு எண்ணை வைத்து அறுபதாண்டு வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதை இது காட்டிவிடுகிறது. இதனால் கண்ணில் பட்ட ஒவ்வொரு சிறு புடைப்பையும் உடனே அறுக்க வேண்டும் என்றாகாது. குழந்தைகளின் அனியூரிசங்களில் சில தானே உறைந்து அடைபடுவதும் உண்டு. காத்திருப்பதாக இருந்தால் அந்தக் குழந்தையின் காரணம், வடிவம், வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

3. ‘காயில்தான் சிறந்தது என்று நிரூபணமாகிவிட்டதே’ என்பது அடுத்த வாதம். இந்த முறையை 1990இல் குய்டோ குலியெல்மி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெடித்த அனியூரிசத்துக்கு அதையும் கிளிப்பையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வு, 2,143 நோயாளிகளைக் கொண்டு 2002இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் காயில் பிரிவில் நூற்றுக்கு 23.7, கிளிப் பிரிவில் 30.6. பெரியவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். யாரும் மறுக்கத் தேவையில்லை.

ஆனால் அதே ஆய்வின் தொடர்ச்சியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் காயில் பிரிவில் நூற்றுக்கு 17.4, கிளிப் பிரிவில் 3.8. காயில் வைத்தவர்களில் யாருக்குக் காலம் கடந்து மறுசிகிச்சை அதிகம் தேவைப்பட்டது? இளையவர்களுக்கு, பெரிய அனியூரிசம் உள்ளவர்களுக்கு, முழுமையாக அடைபடாதவர்களுக்கு. இந்த மூன்றும் குழந்தைகளிடம் கூடிவருபவை. ஐசாட்டை நடத்தியவர்களே 2008இல் மறுபடி கணக்கிட்டு, 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் காயிலின் மேன்மையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நாற்பதுக்கே பொருந்துமா என்று ஐயம் எழும்போது பத்துக்கு எப்படிப் பொருந்தும்? எளிதில் எட்டக்கூடிய இடத்தில், கழுத்து தெளிவாக உள்ள பை அனியூரிசம் ஒரு குழந்தைக்கு இருந்தால், நன்றாகப் போட்ட கிளிப் பல பத்தாண்டுகள் தாங்கும் என்பது கனமான வாதம். 1937இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்ட்டர் டேண்டி முதன்முதலில் செய்த அறுவை என்பதற்காக அதைப் பழங்கதையாக ஒதுக்கக் கூடாது. ஆனால் கிழிந்த சுவரும் பின்பகுதித் தமனியின் ராட்சதப் புடைப்பும் பெரும்பாலும் குழாய்வழிச் சிகிச்சைக்கே உரியவை. அங்கே கத்தியை முன்னிறுத்துவதும் அதே அளவு தவறு.

4. அளவைக் குறைத்தால் கருவி குழந்தைக்கு ஏற்றதாகிவிடுமா? அனியூரிசத்தின் வாயில் வலைக்குழல் பொருத்தி ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஃப்ளோ டைவர்ட்டர்கள் இன்று பரவலாகியுள்ளன. அவற்றில் ஒன்றான பைப்லைனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் அனுமதி அளித்தபோது, 22 வயது நிரம்பியவர்களுக்கு என்று வரம்பிட்டது. குழந்தையிடம் அதைப் பயன்படுத்துவது அனுமதிக்கு வெளியே செய்யப்படும் செயல். சில குழந்தைகளுக்கு அதைவிட நல்ல வழி இல்லாமல் இருக்கலாம். அப்போது செய்யத்தான் வேண்டும். ஆனால் ‘பெரியவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுதான்’ என்று பெற்றோரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அவர்களை ஏமாற்றுவது.

வலைக்குழல் வைத்தால் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓடி விழுந்து முட்டி உடைக்கும் வயதில் ரத்தம் உறையாத உடல் ஓர் ஆபத்து. ஃப்ளூவோ அம்மையோ கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம் என்பது மருத்துவம் படிக்கும் மாணவருக்கும் தெரியும். குளோப்பிடோகிரெலின் அளவைப் பெரியவரின் 75 மில்லிகிராமை எடையால் வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த பிக்கோலோ ஆய்வில், கிலோவுக்கு வெறும் 0.2 மில்லிகிராமே பெரியவரின் மாத்திரைக்கு இணையாகத் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தியது. எழுபது கிலோ ஆளுக்குரிய விகிதத்தைக் கணக்கிட்டால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் வரும்.

தமனி வளரும், வலைக்குழல் வளராது என்று எதிர்த்தரப்பில் சிலர் பொதுவாகச் சொல்வதும் முழுச் சரியில்லை. மூளையின் பெரிய தமனிகள் ஐந்து வயதை ஒட்டியே பெரியவரின் தடிமனை நெருங்கிவிடுகின்றன. பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த வாதம் வலுவற்றது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மிக வலுவானது.

ரத்தத்தின் கணக்கும் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடுவது மொத்தம் 800 மில்லிலிட்டர் அளவுதான். பெரியவரிடம் யாரும் பொருட்படுத்தாத 150 மில்லி இழப்பு அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாய மருந்துக்கும், குழாய்க்குள் ஓயாமல் சொட்டும் உப்புநீருக்கும்கூட எடையை வைத்து உச்சவரம்பு வகுக்க வேண்டும்.

கதிர்வீச்சு தனிக் கணக்கு. பிரிட்டனில் சி.டி. எடுத்த இளையோரைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வு, 50 மில்லிகிரே அளவு சேர்ந்தால் ரத்தப் புற்று அபாயமும் 60 மில்லிகிரே அளவில் மூளைக் கட்டி அபாயமும் மும்மடங்காகலாம் என்றது. தனியொரு குழந்தைக்கு அந்த அபாயம் இன்னும் சிறியதுதான். உயிர்காக்கும் படத்தை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் ஆண்டுதோறும் தொடரவேண்டிய கண்காணிப்பை எம்.ஆர்.ஐ. வழியாகத் திட்டமிடாமல் சி.டி.யால் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

5. ‘குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள்’ — இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது மிகவும் ஆபத்தான வாதம். கசிவுக்குப் பின் தமனிகள் சுருங்கினாலும், துணைக்குழாய்கள் வலுவாக இருப்பதால் பல குழந்தைகள் பக்கவாதம் இல்லாமல் தப்புகிறார்கள். ஆனால் வெடித்த அனியூரிசம் மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சம். இரண்டாவது கசிவைத் தாங்கும் சலுகையை வயது யாருக்கும் தருவதில்லை. குழந்தை தெளிவாகப் பேசுகிறது, நாளை பார்க்கலாம் என்ற தாமதம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

நல்ல முடிவு என்பதையே எதை வைத்து அளக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். வழக்கமான அளவுகோல்கள் நடக்கிறாரா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்கின்றன. ஏழு வயதுக் குழந்தை இரண்டையும் செய்துவிட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். கவனம், நினைவு, திட்டமிடல் போன்ற திறன்கள் பள்ளிப்பாடம் கடினமாகும்போதுதான் சோதிக்கப்படுகின்றன. குறை அப்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பெயர் கிடைத்திருக்கும். ரத்தக்கசிவைக் கடந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உளவியல் மதிப்பீடும், பள்ளிக்குத் தகவலும் சிகிச்சையின் பகுதிகள்.

6. அரிது என்றால் நினைக்கவே வேண்டாமா? தலைவலியோடு வரும் குழந்தைகளில் மிகப்பெரும்பாலோருக்கு ஒற்றைத் தலைவலியோ, காய்ச்சலோ, கண்ணாடி தேவைப்படும் பார்வைக் குறையோதான் காரணம். எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பது மடமை. ஆனால் நொடியில் உச்சம் தொடும் தலைவலி, வாந்தியோடு கழுத்து விறைப்பு, மயக்கம், ஒரு கண் இமை தாழ்ந்து பாவை விரிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே படம் எடுக்க வேண்டும். கழுத்து விறைப்பை மூளைக்காய்ச்சல் என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. தலையில் பலத்த அடிபட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, தேறிவந்த குழந்தை திடீரென்று மோசமானால் பொய்ப்பை வெடித்திருக்கலாம் என்ற எண்ணம் முதலில் வர வேண்டும்.

7. கடைசியாக, ‘அடைத்தாகிவிட்டது, முடிந்தது’ என்ற நம்பிக்கை. இதற்கு மறுமொழி ஃபின்லாந்திலிருந்து வந்தது. ஹெல்சின்கியில் 18 வயதுக்குள் அனியூரிசம் கண்டறியப்பட்டவர்களை நடுவளவாக 34 ஆண்டுகள் பின்தொடர்ந்து, தமனிகளை மீண்டும் படமெடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 41 பேருக்குப் புதிய அனியூரிசம் தோன்றியிருந்தது, அல்லது பழையது திரும்பியிருந்தது. அதோடு தொடர்புடையதாகத் தெளிவாகத் தெரிந்த ஒரே காரணி புகைப்பழக்கம்.

இந்த எண்ணுக்கு முன்னால் ஆறு மாதம், ஓராண்டு, பிறகு விடுதலை என்ற பெரியவர்களின் கண்காணிப்பு முறை நிற்காது. சுவரில் நோய் இருக்கும்வரை ஒரு புடைப்பை அடைப்பது ஒரு புடைப்பை அடைப்பதுதான். குழந்தை வளர்ந்து, ஊர் மாறி, படிக்கப் போய், மணமாகி, தன் ஏழாவது வயதில் நடந்ததை மறந்திருக்கும் காலத்தில்தான் அடுத்தது வரக்கூடும். குழந்தைகள் மருத்துவமனையின் கோப்பு 18 வயதோடு மூடப்படுவதால், மிகப் பலர் காணாமல் போவதும் அந்த வயதில்தான்.

ஆகவே இந்நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை மூன்றை எழுத்தில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது: எந்த வகை அனியூரிசம், எதனால் வந்தது, என்ன வைத்து அடைக்கப்பட்டது என்ற விவரம்; அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது என்ற தேதி; 18 வயதுக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்ற பெயர். வைத்த கிளிப்போ காயிலோ எந்த உலோகம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பதே சிக்கலாகும். வளரும் பிள்ளையிடம் புகை தொடக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்வது மருந்துச் சீட்டுக்கு இணையானது. இந்தத் தாள் கையில் வராமல் எந்தப் பெற்றோரும் மருத்துவமனையை விட்டு வெளியே வரக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும்.